1000 வேண்டாம், 1024 போடுங்க

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் வைவா. மோட்டார் சத்தத்தை வச்சு பேரிங் தேஞ்சிருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிற ஒரு ஹிடன் மார்க்கோவ் மாடல். டீம்ல ரெண்டே பேர். லைப்ரரி எதையும் தொடாம சி-யில் நாங்களே எழுதினோம் (பெருமையும் அதுதான், வினையும் அதுதான்). மெயின் லூப்பை ஆளுக்கொரு வெர்ஷன் எழுதி, விடை ஒத்துப்போகுதான்னு பார்த்துக்கலாம்னு திட்டம். ஒத்துப்போச்சு, பன்னிரண்டு இலக்கம் வரைக்கும். பதிமூணாவது இலக்கத்தில் பிரிஞ்சுது.

எக்ஸாமினர் திரையைப் பார்த்துட்டு, "ரெண்டுல எது சரி?"ன்னு கேட்டார்.

"ரெண்டுமே சரிதான் சார். ஃப்ளோட்டிங் பாயிண்ட் எரர் சார்."

"அல்காரிதம் ஒண்ணு, டேட்டா ஒண்ணு, லேப்டாப்பும் ஒண்ணு. அப்புறம் எரர் மட்டும் எப்படிப்பா ரெண்டு?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் ப்ரொஜெக்டரைப் பார்த்தேன்.

"ஃப்ளோட்டிங் பாயிண்ட் எரர்"ங்கிறது நம்ம எல்லார் கையிலும் இருக்கிற மெடிக்கல் சர்டிஃபிகேட் மாதிரி. எதுக்கு வேணும்னாலும் நீட்டலாம், யாரும் மேல கேக்க மாட்டாங்க. அன்னிக்கு ஒருத்தர் கேட்டார். பதில் தேடிப் போனப்பதான் தெரிஞ்சுது, அந்த எரர் தானா வரல. நாங்களே காசு குடுத்து வாங்கி உள்ள வச்சிருக்கோம்.

என்ன பண்ணோம்னு சொல்றேன். அந்த அல்காரிதம்ல ஒவ்வொரு ஸ்டெப்லயும் ஒண்ணைவிடச் சின்ன நிகழ்தகவுகளைப் பெருக்கிக்கிட்டே போகணும். டபுள் ஒண்ணுல வைக்கக்கூடிய மிகச் சின்ன பாசிட்டிவ் எண் 2-இன் மைனஸ் 1074-ஆம் அடுக்கு. நம்ம கணக்குல சொன்னா புள்ளிக்கு அப்புறம் 323 சைபர், அதுக்கப்புறம் ஒரு 5. பெரிய பாதாளம்னு தோணும். ஆனா 0.1-ஐ அதாலேயே பெருக்கிக்கிட்டுப் போனா 324-ஆவது அடுக்குல அடிமட்டத்தைத் தாண்டி சுத்தமா சைபர் ஆயிடும். எங்க டேட்டாவில் ஆயிரத்துக்கு மேல ஸ்டெப் இருந்துது. அதனால நடுநடுவுல எண்களைத் தூக்கிவிடணும், எவ்வளவு தூக்கினோம்னு கணக்கு வச்சுக்கிட்டு கடைசியில் கழிச்சுக்கணும். இதுதான் ஸ்கேலிங்.

நான் அஞ்சு ஸ்டெப்புக்கு ஒரு தடவை 1000 ஆல் பெருக்கினேன். அவன் மூணு ஸ்டெப்புக்கு ஒரு தடவை 100 ஆல் பெருக்கினான். ஏன் 1000, ஏன் 100? ரவுண்டு நம்பர். இதைவிட பெரிய காரணம் எதுவும் எங்ககிட்ட இல்ல.

தப்பு அந்த "ரவுண்டு"லதான் இருக்கு. அது யாருக்கு ரவுண்டு?

சின்ன கிளாஸ்ல 37-ஐ 10 ஆல் பெருக்கச் சொன்னா ஒரு சைபரை ஒட்ட வச்சோம். 10 ஆல் வகுக்கச் சொன்னா புள்ளியை நகர்த்தினோம். 3, 7 ங்கிற இலக்கங்களை யாரும் தொடவே இல்ல, அதனால தப்பு வரவும் வழி இல்ல. அதே 37-ஐ 7 ஆல் வகுக்கச் சொல்லுங்க. 5.285714ன்னு ஓடிக்கிட்டே இருக்கும், நோட்டுல இடம் தீர்ந்த இடத்துல வெட்டணும். அந்த வெட்டுதான் ரவுண்டிங் எரர். 10 நமக்கு இலவசமா கிடைக்குது, ஏன்னா நாம எண்களை எழுதற அடிமானமே 10. (ரேடிக்ஸுக்குத் தமிழ் அடிமானம்னு தமிழ் மீடியம் நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் பேஸ், பேஸ்னு படிச்சும் இந்தச் சொல் அளவுக்கு எனக்கு அது பதியல.)

மெஷினோட அடிமானம் 2. அதனால அதுக்கு இலவசமான பெருக்கல் 2 ஆல், 4 ஆல், 1024 ஆல் பெருக்கறது. பைனரியில் ரெண்டை எழுதிப் பாருங்க: 10. எந்த அடிமானமும் தன்னைத்தானே 10-ன்னுதான் எழுதிக்கும். மெஷினுக்கும் ஒரு பத்து இருக்கு, அது நம்ம பத்து இல்ல, அவ்வளவுதான்.

ஒரு டபுள்ல 53 பிட் துல்லியத்துல இலக்கங்கள், பக்கத்துல தனியா ஒரு அடுக்கு. 1024 ஆல் பெருக்கினா அடுக்குல 10 கூடும், 53 பிட்டும் அப்படியே கிடக்கும். 1000 ஆல் பெருக்கினா? 1000-ங்கிறது 8 பெருக்கல் 125. அந்த 8 இலவசம். 125 பைனரியில் 1111101, ஏழு பிட். 53 பிட் எண்ணை ஏழு பிட் எண்ணால பெருக்கினா 60 பிட் வரைக்கும் வரும், இருக்கிற இடம் 53. மிச்சத்தை வெட்டித்தான் ஆகணும். ஒவ்வொரு அஞ்சு ஸ்டெப்புக்கும் நான் ஒரு வெட்டு வெட்டினேன். மூணு ஸ்டெப்புக்கு ஒண்ணுன்னு அவன் வேற இடத்துல வெட்டினான். விடை பிரியாம என்ன செய்யும்?

நம்பிக்கை இல்லன்னா பைத்தானைத் திறந்து 3-ஐ 0.1 ஆல் பெருக்கி, வந்ததை 10 ஆல் பெருக்குங்க. 3.0000000000000004 வரும். அப்புறம் 3-ஐ 0.125 ஆல் பெருக்கி 8 ஆல் பெருக்குங்க. 3.0. இதுல ஒரு வேடிக்கை: 0.1 ஆல் பெருக்கறதுக்குப் பதிலா 10 ஆல் வகுத்துட்டு, திரும்ப 10 ஆல் பெருக்கினா, சாதாரண அளவுள்ள எந்த முழு எண்ணும் பத்திரமா திரும்பி வந்துடும். காரணம் 10-ங்கிறது 8 கூட்டல் 2, அதாவது ரெண்டு இரண்டடுக்குகளோட கூட்டல். டேவிட் கோல்ட்பெர்க் 1991-இல் எழுதின பிரபலமான ஃப்ளோட்டிங் பாயிண்ட் கட்டுரையில் இதுக்கு நிரூபணமே இருக்கு. அங்கயும் நம்ம பத்தைக் காப்பாத்தறது மெஷினோட பத்துதான்.

இப்போ என் வழக்குக்கு வரேன். ஃப்ளோட்டைப் பத்தி நமக்குச் சொல்லித்தர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, மைனஸ் 0.75-ஐ ஐ-ட்ரிபிள்-இ 754 சிங்கிள் பிரிசிஷன்ல எழுது, பயஸ் 127 கூட்டு, கட்டம் போடு, பதிமூணு மார்க். ரெண்டாவது, 0.1 கூட்டல் 0.2 மீம். முதலாவது எழுதினதும் மறந்துடும். ரெண்டாவது மறக்காது, ஆனா கெட்டது பண்ணும். "ஃப்ளோட் ஒரு குத்துமதிப்பு, அதை நம்பாதே"ங்கிற ஒரு சோம்பேறித் தத்துவத்தை நம்ம மண்டையில் ஏத்திடும். ஃப்ளோட் குத்துமதிப்பு இல்ல. எந்த ஆபரேஷன்ல வெட்டு விழும், எதுல விழாதுன்னு கறாரா சொல்லக்கூடிய சாதனம் அது. வெட்டே விழாத அந்த ஆபரேஷனுக்குன்னு தனியா ஒரு ஃபங்ஷன் சி-யில் இருக்கு, பைத்தான்ல இருக்கு, ஜாவாவில் இருக்கு. நாலு வருஷத்துல எந்த லேப் மேனுவல்லயும் நான் அதோட பேரைப் பார்த்ததில்ல.

பேர் எல்டிஎக்ஸ்ப். லோட் எக்ஸ்போனென்ட்ங்கிறதோட சுருக்கம். ஒரு எண்ணையும் ஒரு முழு எண் அடுக்கையும் குடுத்தா, அந்த அளவுக்கு 2-இன் அடுக்கால பெருக்கித் தரும். அதோட ஜோடி எஃப்ஆர்எக்ஸ்ப். அது எண்ணைப் பிரிச்சு, 0.5-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு பின்னத்தையும் தனியா அடுக்கையும் கையில் குடுக்கும். சி99-இல் ஸ்கேல்பிஎன்னு இன்னொண்ணு சேர்ந்துது. இந்தக் கடைசி ஃபங்ஷன்தான் எனக்குப் பிடிச்சது, ஏன்னா அது 2 ஆல் பெருக்கறேன்னு சொல்லல. "இந்த மெஷினோட அடிமானம் எதுவோ, அதோட அடுக்கால"ன்னு சொல்லுது.

அடிமானம் 2 இல்லாத மெஷின் எங்க இருக்குன்னு கேக்கலாம். 1964-இல் ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம்/360-இல் ஃப்ளோட்டோட அடிமானம் 16. அங்க அடுக்குல ஒண்ணு கூட்டினா எண் 16 மடங்காகும். முதல் ஹெக்ஸ் இலக்கம் 1-ஆ இருந்தா அதோட மூணு பிட் சும்மா சைபரா கிடக்கும், அதனால 24 பிட்னு சொல்ற துல்லியம் சில எண்களுக்கு 21 பிட்தான். அந்த மாதிரி மெஷின்ல 2 ஆல் பெருக்கறதுகூட இலவசம் இல்ல, 16 ஆல் பெருக்கறதுதான் இலவசம். அப்போ விதி "2 போடு" இல்ல, "அடிமானத்தைப் போடு". இன்னொரு பக்கம், பணக் கணக்குக்கு டெசிமல் டைப் வேணும்னு சொல்றவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. அங்க அடிமானம் 10, அதனால அங்க 10 ஆல் பெருக்கறது இலவசம். பைத்தானோட டெசிமல் மாட்யூல்லயும் ஸ்கேல்பின்னு ஒரு மெத்தட் உண்டு, அது 10-இன் அடுக்கால நகர்த்தும். ரூபாய்-பைசாவுக்கு எங்க பாட்டி போடற கணக்கும் ஸ்கேல்பிதான்.

இதெல்லாம் பதிமூணாவது இலக்கத்துச் சண்டைன்னு தள்ளிடாதீங்க. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர் நேரம். சவுதி அரேபியாவில் தஹ்ரான்ங்கிற ஊர். (ஈரான் தலைநகர் இல்ல, இது வேற.) அங்க காவலுக்கு வச்சிருந்த பேட்ரியாட் ஏவுகணை சிஸ்டம், வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறிடுச்சு. ராணுவக் குடியிருப்புல விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தாங்க. அந்த சிஸ்டத்தோட கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியா எண்ணும். நொடியா மாத்த 0.1 ஆல் பெருக்கணும். அது ஃப்ளோட் கூட இல்ல, 24 பிட் ஃபிக்ஸட் பாயிண்ட் ரெஜிஸ்டர். ஆனா நோய் அதேதான்: பைனரியில் 0.1 முடியவே முடியாத பின்னம், 24 பிட்ல வெட்டினா ஏறக்குறைய 0.000000095 குறையும். சிஸ்டம் 100 மணி நேரம் விடாம ஓடிக்கிட்டிருந்துது. 36 லட்சம் டிக், பெருக்கிப் பாருங்க, 0.34 நொடி. ஸ்கட் ஒரு நொடியில் ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல போகும். ராடார் வானத்துல தப்பான இடத்தைப் பார்த்துக்கிட்டிருந்துது. திருத்தின சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

நியாயமா சொன்னா, 0.1 மட்டுமே குற்றவாளி இல்ல. நேரத்தை மாத்தற மேம்படுத்தின ரூட்டீனை சில இடத்துல மட்டும் போட்டு, சில இடத்துல விட்டிருந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே தப்பு இருந்திருந்தா கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். இருந்தாலும் அந்தக் கடிகாரம் பத்தில் ஒண்ணுக்குப் பதிலா எட்டில் ஒண்ணோ பதினாறில் ஒண்ணோ எண்ணியிருந்தா, வெட்டறதுக்கே எதுவும் இருந்திருக்காது. நம்ம விரல் பத்துங்கிற பழக்கத்தை ஒரு மெஷினோட அடிவயித்துல வச்சோம்.

நல்ல பக்கமும் இருக்கு. ஐகன்வேல்யூ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி மேட்ரிக்ஸோட வரிசைகளையும் நிரல்களையும் சமப்படுத்தற முறையை பார்லெட், ரைன்ஷ் ரெண்டு பேரும் 1969-இல் வெளியிட்டாங்க. துல்லியமா எந்த எண்ணால பெருக்கினா சமமாகுமோ அதை அவங்க போடல. அதுக்குக் கிட்டத்தட்ட இருக்கிற அடிமானத்தோட அடுக்கைப் போட்டாங்க. கொஞ்சம் சமமில்லாம இருந்தா பரவாயில்ல, ஆனா சமப்படுத்தற வேலையே புதுசா தப்பைக் கொண்டுவரக் கூடாதுங்கிறது கணக்கு. இன்னிக்கும் லாபேக் அதே வழக்கத்தைத்தான் வச்சிருக்கு. ஆனா பெரியவங்களும் சறுக்கியிருக்காங்க. லாபேக்குக்கு முன்னாடி இருந்த லின்பேக்ல டிட்டர்மினன்ட்டை ஒரு எண், பக்கத்துல 10-இன் அடுக்குன்னு திருப்பித் தருவாங்க. படிக்க அழகா இருக்கும். உள்ளே 10 ஆல் பெருக்கிப் பெருக்கி, வகுத்து வகுத்துத்தான் அந்த அழகு.

பழைய கதை போதும்னா, இந்த வருஷம் எத்தனை டீம் பைடார்ச்ல மிக்ஸ்ட் பிரிசிஷன் போட்டு ட்ரெயின் பண்றீங்க? அதுல கிராட்ஸ்கேலர்னு ஒண்ணை காப்பி பேஸ்ட் பண்ணியிருப்பீங்க. 16 பிட் ஃப்ளோட்ல மிகச் சின்ன எண் 2-இன் மைனஸ் 24, பெரிய எண் 65504. கிரேடியன்ட்கள் பொடிசு, அடியில் விழுந்து சைபராகும். அதனால லாஸை முதல்ல ஒரு பெரிய எண்ணால பெருக்கி, கடைசியில் வகுக்கறாங்க. எங்க மோட்டார் ப்ராஜெக்ட்ல பண்ண அதே வேலை. அதோட டிஃபால்ட் ஆரம்ப மதிப்பு 65536, அதாவது 2-இன் 16-ஆம் அடுக்கு. சரியா போனா 2 மடங்காக்கும், ஓவர்ஃப்ளோ ஆனா பாதியாக்கும். 2017-இல் வந்த மிக்ஸ்ட் பிரிசிஷன் பேப்பர்ல ஒரு ஆப்ஜெக்ட் டிடெக்ஷன் நெட்வொர்க்குக்கு வெறும் 8 ஆல் பெருக்கினதே போதுமா இருந்துது. எங்கேயாவது 1000 பார்த்தீங்களா?

எதிர்வாதமும் இருக்கு, மறைக்க மாட்டேன். 2-இன் அடுக்குகளுக்கு நடுவுல இடைவெளி பெருசு. 8 பிட், 4 பிட்னு இறங்கும்போது, சரியான ஸ்கேல் 1.9-ஆ இருந்து நீங்க 2 போட்டா பரவாயில்ல. 1.1-ஆ இருந்து 2 போட்டா கையில் இருக்கிற சொற்ப இடத்துல பாதியை வீணாக்கறீங்க. 2023-இல் வந்த எம்எக்ஸ் ஃபார்மேட்ல 32 எண்களுக்கு ஒரு ஸ்கேல், அது 2-இன் அடுக்கா மட்டும்தான் இருக்க முடியும். என்விடியாவோட 4 பிட் ஃபார்மேட் 16 எண்களுக்கு ஒரு ஸ்கேல் வச்சு, அதையே ஒரு சின்ன ஃப்ளோட்டா ஆக்கிடுச்சு. 4 பிட்ல அது நியாயமான முடிவுன்னு நான் ஒத்துக்கறேன். ஆனா நம்மள்ல பெரும்பாலானவங்க வேலை செய்யறது டபுள்ல. 53 பிட் கையில் இருக்கும்போது அந்தச் சாக்கு செல்லாது.

கோடுல இறங்கறவங்களுக்கு, அடிபட்டவன் சொல்றேன். எல்டிஎக்ஸ்ப்க்குப் பதிலா பவ் ஃபங்ஷன்ல 2-இன் அடுக்கைக் கண்டுபிடிச்சுப் பெருக்காதீங்க. டபுளோட மிகச் சின்ன எண்ணை 2-இன் 2000-ஆம் அடுக்கால தூக்கினா விடை 2-இன் 926, டபுளுக்குள்ள சொகுசா உக்காரும். எல்டிஎக்ஸ்ப் அதைத் தரும். பவ் வழியா போனா 2-இன் 2000-மே முதல்ல இன்ஃபினிட்டி ஆயிடும், சி-யில் விடையும் இன்ஃபினிட்டி. அடுக்கு எப்பவும் ஒண்ணேதான்னா ஃபங்ஷனே வேண்டாம், 1024.0 ஆல் நேரா பெருக்குங்க, அதுவும் அதே அளவு சுத்தம், வேகமும் கூட. இன்னொண்ணு, நான் "வெட்டே விழாது"ன்னு சொன்னதுக்கு ஒரு எல்லை உண்டு: கீழே சப்நார்மல் பகுதிக்குள்ள தள்ளினா பிட் உதிரும். டபுள்ல அது 10-இன் மைனஸ் 308 பக்கத்துல ஆரம்பிக்குது. அதுக்குள்ள ரெண்டு தவணையா இறக்கினா ரெண்டு தடவை ரவுண்டாகி, ஒரே தவணையில் வர்ற விடையைவிட வேற விடை வரலாம். மேலே தூக்கிக் கணக்குப் போடுங்க, கடைசியில் ஒரே தடவை இறக்குங்க.

சிலபஸ் கமிட்டியில் நான் கேக்கறது ஒரே ஒரு லேப் பயிற்சி. நூறு எண்களோட பெருக்கலைக் கண்டுபிடி, நடுவுல அண்டர்ஃப்ளோ ஆகணும், ஒரு தடவை 10-இன் அடுக்கால ஸ்கேல் பண்ணு, ஒரு தடவை 2-இன் அடுக்கால பண்ணு, ரெண்டு விடையையும் பதினேழு இலக்கத்துக்கு ப்ரின்ட் பண்ணு. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த பயஸ் 127 கட்டம் எதுக்காகப் போட்டோம்னு அப்போதான் புரியும்: அடுக்கைத் தனியா வச்சதே, அதை மட்டும் தனியா தொடலாம்ங்கிறதுக்காகத்தான். 754 ஸ்டாண்டர்ட்லயும் இந்த ஸ்கேலிங் 1985-இல் பரிந்துரையா பின்னிணைப்புல இருந்துது, 2008-இல் கட்டாய ஆபரேஷன் ஆச்சு. ஸ்டாண்டர்டுக்கே 23 வருஷம் ஆயிருக்கு, நம்ம சிலபஸ் மேல ரொம்பக் கோவப்படவும் முடியல.

வைவா முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து என் கோடுல 1000-ஐ 1024 ஆக்கினேன், நண்பன் கோடுல 100-ஐ 128 ஆக்கினோம். தூக்கின அடுக்கை முழு எண்ணா தனியா எண்ணி, கடைசியில் எஃப்ஆர்எக்ஸ்ப் வச்சு ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். அவன் இன்னும் மூணு ஸ்டெப்புக்கு ஒரு தடவைதான் தூக்கறான், நான் அஞ்சுக்கு ஒரு தடவை. ரெண்டு விடையையும் ஹெக்ஸ்ல ப்ரின்ட் பண்ணோம். கடைசி பிட் வரைக்கும் ஒண்ணு. எக்ஸாமினருக்கு மெயில் போட்டிருக்கேன். மார்க் ஏத்திவிடச் சொல்லல, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதியிருக்கேன்.